இந்த 555 புத்தகத்தில் எந்த வரியை அடிப்பது?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, வேலை முடிந்த கையோடு கோலாலம்பூரின் இந்தச் செந்தூல் மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

‘நம் குடும்பங்களின் வறுமைக்குப் பெரிதும் காரணம் வீட்டுப் பழக்கமா, கூலியும் கொள்கையுமா?’ இதுதான் தலைப்பு. முன்னால் பேசிய அண்ணன் குடி, கடன் வாங்கிச் செய்யும் கல்யாணம், சிக்கனமின்மை என்று மூன்று காரணம் சொன்னார். கூலியும் கொள்கையும்தான் காரணம் என்று பேச நான் வந்திருக்கிறேன். கையில் ஒரு பொருளும் கொண்டு வந்திருக்கிறேன்.

இதோ, 555 புத்தகம். மளிகைக்கடைக் கடன் கணக்கு. உங்களில் பல பேர் வீட்டில் இருந்திருக்கும். இது என் அம்மாவுடையது. ஒரு பக்கம் படிக்கிறேன். அரிசி 5 கிலோ. பாக்கெட் எண்ணெய் இரண்டு. கோதுமை மாவு. நெத்திலி 2 வெள்ளி, அதாவது 2 ரிங்கிட். தம்பிக்குப் பால் மாவு. அப்புறம் பிஸ்கட் 1 வெள்ளி. அது எனக்கு, பரீட்சைக்கு முதல் நாள். சம்பளத்தன்று கடைக்காரர் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போடுவார். மறுநாளே அடுத்த பக்கம் தொடங்கிவிடும்.

அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தார். பள்ளிக்கூடம் மாறவில்லை, அவர் கூட்டிய வகுப்பறைகள் மாறவில்லை. குத்தகை எடுத்த நிறுவனம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அம்மா ‘புது ஆள்’. பழைய வருஷங்கள் கணக்கில் வராது, விடுப்பு மறுபடி முதலிலிருந்து, சம்பளம் அடிமட்டத்திலேயே. அண்ணன் சொன்ன மூன்றில் ஒன்றுகூட எங்கள் வீட்டில் கிடையாது. ஆனாலும் புத்தகம் தீரவில்லை.

சரி, இது ஒரு வீட்டுக் கதை என்பீர்கள். மலேசியா முழுவதற்குமான கணக்குக்கு வருவோம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 2022ஆம் ஆண்டு அரசாங்கமே கணக்கிட்ட வறுமைக்கோடு, சராசரிக் குடும்பத்துக்கு மாதம் 2,589 வெள்ளி. கழித்துப் பாருங்கள். குடிக்காமல், சூதாடாமல், ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் ஒருவர் உழைத்து, அந்த ஒரே சம்பளத்தில் சராசரிக் குடும்பம் ஒன்று வாழ்ந்தால், அது கோட்டுக்குக் கீழேதான் நிற்கும். இதில் எந்தப் பழக்கத்தைத் திருத்துவது அண்ணே?

அந்தக் கோட்டுக்கும் ஒரு கதை இருக்கிறது. பழைய முறையில் அது 980 வெள்ளி. அதை வைத்து, 2016இல் நாட்டில் ஏழைக் குடும்பங்கள் 0.4 விழுக்காடுதான் என்றார்கள். 2019இல் ஐக்கிய நாடுகள் சபையின் வறுமை ஆய்வாளர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்து, இது நம்பத்தக்க கணக்கில்லை என்றார். 2020இல் முறையைத் திருத்தினார்கள். கோடு 2,208 வெள்ளி ஆனது, 2019க்கான வறுமை 5.6 விழுக்காடு என்று வந்தது. அதுவரை அந்தக் குடும்பங்கள் எங்கே இருந்தன? இதே அடுக்குமாடிகளில்தான் இருந்தன. கணக்கில் ஏழை என்று பெயர் ஏறாத வீட்டுக்கு உதவி எப்படி வரும்?

நமக்குச் சிக்கனம் தெரியாது என்று அண்ணன் சொன்னபோதுதான் எனக்கு நெஞ்சு வலித்தது. பெரிய ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில் வேலையோடு லயத்து வீடும் பறிபோனது. அப்போது, 1960இல், அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள் தங்கள் கூலியிலிருந்து பங்குப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்தத் தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகளைப் பார்த்தா சேமிக்கத் தெரியாதவர்கள் என்கிறீர்கள்?

குடியால் கெட்ட வீடு உண்டு. என் சித்தப்பா வீடே அப்படித்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தோட்டம் விற்கப்பட்டு, வேலையும் வீடும் போய், புறம்போக்கில் பலகை வீடு கட்டிய பிறகுதான் அவர் குடிக்கத் தொடங்கினார். எது முதலில் வந்தது என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

என்ன செய்யலாம்? முதலில், குத்தகை மாறினாலும் துப்புரவாளர், காவலாளி ஆகியோரின் சேவை ஆண்டுகள் தொடர வேண்டும். குத்தகையைக் கொடுப்பது அரசாங்கமாக இருக்கும் இடத்தில், ஒப்பந்தத்தில் ஒரு விதி சேர்த்தாலே போதும். அத்தியாவசியப் பொருள் வாங்க அரசாங்கம் கொடுக்கும் சாரா உதவி, மைகார்டு என்னும் குடிமக்கள் அடையாள அட்டையில் நேராக வருவது நல்ல திட்டம். அம்மா காலத்தில் அது இருந்திருந்தால் அந்த அரிசி வரி புத்தகத்தில் ஏறியிருக்காது. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்து, இன்னும் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு நிற்கும் பாட்டிக்கு அது கிடையாது. அந்தக் குடியுரிமைக் கோப்புகளை முடித்துக் கொடுப்பதும் வறுமை ஒழிப்புதான்.

அப்புறம் பிள்ளைகள் சாப்பாடு. கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளில் செய்த ஆய்வை 2018இல் யூனிசெஃப் வெளியிட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 22 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. தலைநகரின் நடுவில்! நாள் முழுக்கச் சோறும் நெத்திலியுமாக வளர்ந்தால் அப்படித்தான் ஆகும். பாலர் பள்ளியிலேயே முட்டையும் பாலும் கொடுங்கள் என்று கேட்கிறோம்.

மணி அடித்துவிட்டது நடுவர் ஐயா. புத்தகத்தை எதிரணி மேசையில் வைக்கிறேன். அடுத்துப் பேச வரும் அண்ணன், அம்மா இதில் எந்த வரியை எழுதாமல் இருந்திருக்கலாம் என்று ஒலிபெருக்கியில் படித்துச் சொல்லட்டும்.