பெயருக்கு உயிர் தருவது வேரே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையில் இருக்கும் பெரியவர்களே, பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

'பெயருக்கு உயிர் தருவது ஓசையா, வேரா?' என்பது இன்றைய தலைப்பு. வேர் என்றால் ஒரு பெயரின் பொருளும் அது பிறந்து வந்த வழியும். நான் வேரின் பக்கம் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவி மூன்று விஷயங்களை முன்வைத்தார். ஒருவரைக் கூப்பிடும்போது யாரும் பொருளை நினைப்பதில்லை என்றார். இன்றைய பெற்றோர் பெயர் சின்னதாக இருக்கிறதா, வாய்க்கு இதமாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள் என்றார். அப்புறம், வனெஸ்ஸா மாதிரியான பெயர்கள் யாரோ உட்கார்ந்து உருவாக்கியவை, அவற்றுக்குப் பொருளே கிடையாது, ஆனாலும் உலகமெங்கும் வாழ்கின்றன என்று முடித்தார்.

முதலாவதை ஒப்புக்கொள்கிறேன். கூப்பிடும்போது பொருள் நினைவுக்கு வராதுதான். ஆனால் நடுவர் அவர்களே, பெயர் கூப்பிடுவதற்கு மட்டும்தானா? பெயரைச் சூட்டும் நாள் என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பறிக்கும் நாள் ஒன்று வருகிறது. பறிபோனதைத் திருப்பிக் கேட்கும் நாளும் வருகிறது. அந்த நாட்களில் மனிதர்கள் எதற்காகப் பாடுபட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம்.

மங்கோலியாவில் 'நெர்குய்' என்று ஒரு பெயர் உண்டு. 'பெயர் இல்லை' என்று அர்த்தம். 'எனேபிஷ்' என்று இன்னொன்று: 'இது இல்லை'. 'ஹூன்பிஷ்' என்று மூன்றாவது: 'மனிதன் இல்லை'. கேட்டால் திகைப்பாக இருக்கிறது. பெற்ற பிள்ளைக்கு மனிதன் இல்லை என்று யாராவது பெயர் வைப்பார்களா? வைத்தார்கள், வைக்கிறார்கள். முன்னால் பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், இந்தக் குழந்தையைத் தேடி வரும் கெட்ட ஆவி ஏமாந்து திரும்ப வேண்டும் என்பதற்காக வைத்த பெயர்கள் இவை. 'இங்கே யாரும் இல்லை, நீ தேடுவது இது இல்லை' என்று வாசலில் நின்று சொல்லும் பெயர். அந்தத் தாய் ஓசையைப் பார்த்திருப்பாளா? அவளுக்கு அந்தப் பெயரின் பொருள் ஒன்றுதான் ஆயுதம். பொருள் தெரியாத ஆவியை அந்தப் பெயரால் ஏமாற்ற முடியாதே!

இது மங்கோலியாவின் அச்சம் மட்டும் இல்லை. நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் 'துரோஜாயே' என்ற பெயர் இருக்கிறது. 'நின்று வாழ்க்கையை அனுபவி' என்று குழந்தையிடம் கெஞ்சும் பெயர். 'கொசோக்கோ' என்ற பெயர் இன்னும் ஒரு படி மேலே போகிறது: 'மண்வெட்டி இல்லை'. குழி தோண்ட இனி எங்களிடம் கருவி இல்லை, நீ போகாதே என்று அர்த்தம். துருக்கியில் 'துர்சுன்' என்று வைக்கிறார்கள். 'நிற்கட்டும், தங்கட்டும்' என்று பொருள். மங்கோலியாவும் நைஜீரியாவும் துருக்கியும் ஒன்றையொன்று பார்த்து எழுதிக்கொள்ளவில்லை. ஓசையில் இந்தப் பெயர்கள் ஒன்றுக்கொன்று வேறுவேறு. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் குரல் மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறது.

அடுத்து கானா நாட்டுக்கு வாருங்கள். அங்கே அக்கான் மக்கள் குழந்தை பிறந்த கிழமையையே பெயராக்குகிறார்கள். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி. சனிக்கிழமை பிறந்தவன் குவாமே. திங்கள் என்றால் கோஜோ. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் பிறந்தது 1938 ஏப்ரல் 8. நாட்காட்டியைப் புரட்டிப் பாருங்கள், வெள்ளிக்கிழமைதான்.

இந்தக் கிழமைப் பெயர்கள் கப்பலேறிப் போன கதையைத்தான் சபைக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களைச் சங்கிலி போட்டு அட்லாண்டிக்கைக் கடத்தினார்கள். ஊர் போயிற்று, உறவு போயிற்று, உடுத்தியதுகூட மிஞ்சவில்லை. எஜமானர்கள் தங்களுக்குப் பிடித்த பெயரை வைத்தார்கள். அப்படியும் கிழமைப் பெயர்கள் சாகவில்லை. ஜமைக்காவின் மலைகளில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு, 1739-இல் அவர்களை உடன்படிக்கைக்கு இறங்கி வரச் செய்த தலைவரின் பெயர் கட்ஜோ. அது கோஜோதான், திங்கட்கிழமை.

வட அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பகுதியில் ஒரு கோஃபி அடிமையாக இருந்து விடுதலை பெற்றார். அவரை அடிமையாக வைத்திருந்த குடும்பத்தின் பெயர் ஸ்லோகம். பிள்ளைகளும் முதலில் ஸ்லோகம் என்றே அழைக்கப்பட்டார்கள். பிறகு அவர்கள் அந்தப் பெயரை உதறிவிட்டு, அப்பாவின் பெயரையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். 1759-இல் பிறந்த மகன் பால் கஃபே கப்பல் முதலாளியாக, மாலுமியாக உயர்ந்தார். 1815-இன் கடைசியில் சுதந்திரக் கறுப்பின மக்கள் 38 பேரைத் தன் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் புறப்பட்டு, அடுத்த ஆண்டு அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். ஓசையைப் பாருங்கள்: கோஃபி என்பது வெள்ளைக்காரர் வாயில் கஃபே ஆகிவிட்டது. தேய்ந்துபோன ஓசை. ஸ்லோகம் என்ற பெயர் ஆங்கிலக் காதுக்கு இன்னும் இயல்பாகவே இருந்திருக்கும். ஆனாலும் அந்தப் பிள்ளைகள் தேய்ந்துபோனதையே எடுத்துக்கொண்டார்கள் என்றால், அதில் அவர்கள் தேடியது அப்பாவை இல்லையா?

ஓசைதான் உயிர் என்றால், ஓசை மாறியவுடன் பெயர் இறந்துவிட வேண்டும். அப்படி நடக்கிறதா? ஹீப்ருவில் 'யோஹனான்' என்று ஒரு பெயர். 'கடவுள் அருள் கூர்ந்தார்' என்பது பொருள். அது கிரேக்கத்தில் யோவன்னெஸ் ஆனது, ஆங்கிலத்தில் ஜான், ஸ்பானியத்தில் ஹுவான், ரஷ்யனில் இவான், இத்தாலியனில் ஜொவான்னி, ஐரிஷில் ஷான், ஹங்கேரியனில் யானோஷ். இவானையும் ஷானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே பெயர் என்று எந்தக் காதும் சொல்லாது. வேரைத் தெரிந்தவர்தான் சொல்வார்.

இதில் நம் தமிழ் செய்ததை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. போப் இரண்டாம் ஜான் பால் அவர்களைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் எப்படி அழைத்தார்கள்? இரண்டாம் அருள் சின்னப்பர் என்று! ஜான் என்றால் இறையருள், ஆகவே அருளப்பர். பால் என்பது லத்தீனில் சிறியவர், ஆகவே சின்னப்பர். ஜான் பாலின் ஓசையில் ஓர் எழுத்தைக்கூடத் தமிழ் எடுத்துக்கொள்ளவில்லை. வேரை மட்டும் கொண்டுவந்து நம் மண்ணில் ஊன்றியது. ஜெபப் புத்தகத்தில் அந்தப் பெயரை வாசித்த பாட்டிக்கு அது அந்நியமாகவே தோன்றியிருக்காது.

மறுபக்கமும் பாருங்கள். ஓசை ஒன்றாக இருந்து வேர் வேறானால் என்ன ஆகும்? ஜப்பானில் நவோமி என்று பெண்களுக்குப் பெயர் வைக்கிறார்கள். வழக்கமாக அதை நேர்மை, அழகு என்ற இரண்டு எழுத்துகளால் எழுதுவார்கள். ஹீப்ருவிலும் நவோமி உண்டு, அங்கே இனிமை என்று பொருள். ஓசை ஒன்று, பெயர்கள் இரண்டு. அந்த ஹீப்ரு நவோமியை விவிலியத்தின் ரூத் ஆகமத்தில் சந்திக்கலாம். கணவனும் இரண்டு மகன்களும் இறந்தபின் அவள் சொந்த ஊருக்குத் திரும்புகிறாள். ஊர்ப் பெண்கள் 'இவள் நவோமிதானா?' என்று கேட்கிறார்கள். 'என்னை அப்படிக் கூப்பிடாதீர்கள், மாரா என்று கூப்பிடுங்கள்' என்கிறாள். மாரா என்றால் கசப்பு. எதிரணித் தலைவி சொன்னாரே, கூப்பிடும்போது யாரும் பொருளை நினைப்பதில்லை என்று! கூப்பிடுகிறவர் நினைக்காமல் இருக்கலாம் அம்மா. கூப்பிடப்படுகிறவர் நினைக்கிறார்.

இதைவிட வலிக்கும் உதாரணம் நம் காலத்திலேயே இருக்கிறது. 'நகுசா'. மராத்தி தெரியாதவர் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மெல்லிய ஓசை, மூன்றே எழுத்து, எதிரணி கேட்கும் எல்லா லட்சணமும் அதில் இருக்கிறது. ஆனால் அர்த்தம், 'வேண்டாதவள்'. ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீடுகள் பெண் குழந்தைகளுக்கு வைத்த பெயர் அது. 2011 அக்டோபரில் மகாராஷ்டிராவின் சாத்தாரா மாவட்டத்தில் ஒரு விழா நடத்தி, இந்தப் பெயரைச் சுமந்த 285 பெண் பிள்ளைகளுக்குப் புதுப் பெயரும் சான்றிதழும் கொடுத்தார்கள். சிலர் ஐஸ்வர்யா என்று வைத்துக்கொண்டார்கள், சிலர் சாவித்திரி என்று. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு வாசிக்கப்படும் ஒவ்வொரு காலையும் 'நீ வேண்டாதவள்' என்று கேட்டு, 'உள்ளேன்' என்று பதில் சொல்லி வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களிடம் போய், ஓசை நன்றாகத்தானே இருக்கிறது என்று நம்மால் சொல்ல முடியுமா?

ஜப்பானில் 1993-இல் ஒரு தகப்பனார் தன் மகனுக்கு 'அகுமா' என்று பெயர் பதியப் போனார். ஓசையில் ஒரு குறையும் இல்லை. பொருள், பேய். பதிவு அலுவலகம் ஏற்க மறுத்தது, விவகாரம் நீதிமன்றம் வரை போனது, கடைசியில் வேறு பெயர்தான் பதிவானது. ஓசைக்காக எந்த அலுவலகமாவது ஒரு நாட்டையே பேச வைத்திருக்கிறதா?

சரி, வனெஸ்ஸாவுக்கு வருகிறேன். அது பொருளற்ற ஓசை என்றார் தலைவி. அதை உருவாக்கியவர் எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட். அவருக்கு நெருக்கமான பெண் ஒருவர் இருந்தார், எஸ்தர் வானொம்ரி என்று பெயர். வானொம்ரியிலிருந்து 'வான்', எஸ்தரின் செல்லப் பெயரிலிருந்து 'எஸ்ஸா'. ஒரு பெண்ணை இரண்டு துண்டாக்கி, ஒரு சொல்லுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். அகராதியில் பொருள் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிறந்த வழி எவ்வளவு தெளிவாக இருக்கிறது! அதுவும் வேர்தானே?

வேர் தெரியாமல் நாம் தினமும் கடந்துபோகும் பெயர் இன்னொன்று, மெர்சிடிஸ். டைம்லர் நிறுவனத்தின் கார்களை விற்ற எமில் யெல்லினெக் தன் மகளின் பெயரை அவற்றுக்கு வைத்தார். 1901 முதல் அது உலகப் புகழ் பெற்றது. பெயரோ ஸ்பானியம், கருணைகள் என்று பொருள். கருணை அன்னையான மரியாளின் பெயரிலிருந்து வந்தது. அந்த அன்னையின் பெயரால் 1218-இல் பார்சிலோனாவில் ஒரு துறவியர் சபை தொடங்கியது. சிறைப்பட்டுக் கிடந்தவர்களைப் பணம் கொடுத்து மீட்பதுதான் அவர்கள் வேலை. சாலையில் அந்தக் காரைப் பார்க்கும்போதெல்லாம் நான் அந்த மீட்கப்பட்ட கைதிகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இன்றைய பெற்றோர் பற்றி ஒரு வார்த்தை. லியோ, மியா என்று சின்னப் பெயராகத் தேடுகிறார்கள், உண்மை. ஆனால் தேடிப் பிடித்ததும் அடுத்து என்ன செய்கிறார்கள்? கைப்பேசியை எடுத்து அர்த்தம் பார்க்கிறார்கள். லியோ என்றால் லத்தீனில் சிங்கம் என்று தெரிந்ததும் முகம் மலர்கிறது. ஓசை அவர்களை வாசல் வரை அழைத்து வருகிறது, அவ்வளவுதான்.

நடுவர் அவர்களே, நேரம் முடியப் போகிறது. ஒரே ஒருவரைப் பற்றிச் சொல்லி உட்காருகிறேன்.

பல்கேரியாவில் பிறந்த துருக்கிய இனத்துப் பையன், நயீம் சுலைமானோவ். பதின்ம வயதிலேயே உலக சாதனை படைத்த பளுதூக்கும் வீரர். 1984 கடைசியிலும் 85 தொடக்கத்திலும் அந்நாட்டு அரசு துருக்கியச் சிறுபான்மையினரின் பெயர்களை வலுக்கட்டாயமாக மாற்றியது. சுமார் 8 லட்சம் பேர். இறந்துபோனவர்களின் பெயர்களைக்கூட விட்டுவைக்கவில்லை. நயீமுக்கு அவர்கள் கொடுத்த பெயர் நவூம் ஷலமானோவ். 1986-இல் மெல்போர்ன் நகரில் போட்டிக்குப் போன இடத்தில் அவர் குழுவை விட்டுத் தப்பினார். வீட்டையும் பெற்றோரையும் விட்டுவிட்டுத் துருக்கியில் தஞ்சம் புகுந்தார். அங்கே தன் பெயரை நயீம் சுலைமானோலு என்று எழுதினார். சுலைமானின் மகன் என்று அர்த்தம். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் 190 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி நின்று தங்கம் வென்றார். அறிவிப்பாளர் சொன்னது அவருடைய சொந்தப் பெயரை.

நயீம் என்பது அரபி வேர், இன்ப வாழ்வு என்று பொருள். நவூம் என்பது விவிலியத்தின் நாகூம் தீர்க்கதரிசியின் பெயர், ஆறுதல் என்று பொருள். அதுவும் நல்ல பெயர்தான், அதைச் சுமக்கிறவர்களுக்குப் பெருமையான பெயர். ஓசையிலும் இரண்டும் அண்டை வீடு: நயீம், நவூம். தூரத்திலிருந்து கூப்பிட்டால் வித்தியாசம்கூடத் தெரியாது. ஓசைதான் பெயரின் உயிர் என்றால், அந்தப் பத்தொன்பது வயதுப் பையன் எதைக் காப்பாற்றத் தப்பி ஓடினான்? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் நான் சொன்ன வேறு எதற்கும் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, இதற்கு ஒரு பதிலைச் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்.

நன்றி, வணக்கம்.