தின்ற பாசியை வைத்தே பிழைக்கும் ஒரு செல் உயிரி: நேயர் கேள்விக்கு விளக்கம்

போன வீடியோவைப் பார்த்த ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "பாசியைத் தின்றுவிட்டு, அதன் பசுங்கணிகத்தை (செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் உறுப்பை) மட்டும் செரிக்காமல் வைத்துக்கொண்டு ஒளிச்சேர்க்கை செய்யும் உயிரி கடலில் இருக்கிறது என்றீர்கள். நானும்தான் தினமும் கீரை சாப்பிடுகிறேன், எனக்கு ஏன் அது நடக்கவில்லை? அந்த உயிரியால் நமக்கு ஆபத்து உண்டா?"

நல்ல கேள்வி. நம் வயிற்று அமிலத்துக்கும் நொதிகளுக்கும் தப்பி எந்தப் பசுங்கணிகமும் வெளியே வராது. சரி, ஒன்று தப்பிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பிரயோசனம் இல்லை. வெளிச்சம் படப் பட அதன் புரதங்கள் பழுதாகிக்கொண்டே இருக்கும், புதிதாகச் செய்து மாற்ற வேண்டும். அதற்கான மரபணுக்களில் பெரும்பாலானவை பசுங்கணிகத்துக்குள் இல்லை, செல்லின் உட்கருவில் இருக்கின்றன.

நான் சொன்ன மீசோடினியம் ரூப்ரம் என்ற சிலியேட் (மயிரிழைகளால் நீந்தும் ஒரு செல் உயிரி) இங்கேதான் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. கிரிப்டோஃபைட் வகைப் பாசியைப் பிடித்துத் தின்னும்போது அதன் உட்கருவையும் எடுத்து வைத்துக்கொள்கிறது. கிரைண்டரைத் திருடும்போது மெக்கானிக்கையும் சேர்த்துத் தூக்கி வருகிற மாதிரி! பசுங்கணிகங்கள் செல்லின் ஓரமாக இருக்கும், திருடிய உட்கரு நடுவில் இருக்கும். அந்த உட்கரு சும்மா கிடக்கவில்லை, அதன் மரபணுக்கள் சுமார் 30 நாள் வரை வேலை செய்கின்றன என்று மேத்யூ ஜான்சன், டயான் ஸ்டோக்கர் குழு 2007இல் நேச்சர் இதழில் காட்டியது. அவர்கள் ஆராய்ந்தது அண்டார்டிகா கடலில் இருந்து எடுத்து வளர்த்த இனம். இதில் ஒரு சிக்கலும் உண்டு. சிலியேட் இரண்டாகப் பிரியப் பிரிய, திருடிய உட்கரு எல்லாருக்கும் போதாமல் போகும். அதனால் மறுபடி பாசி வேட்டைக்குப் போயே ஆக வேண்டும்.

பவளத்திலும் இதுதானே நடக்கிறது என்று சிலர் கேட்கலாம். இல்லை, அங்கே பாசி முழுசாக, உயிரோடு குடியிருக்கிறது.

நுண்ணோக்கியில் இதைப் பார்ப்பது வேடிக்கை. இடுப்பில் மயிரிழைகளைக் கட்டிய சிவப்பு உருண்டை, அசையாமல் நிற்கும். திடீரென்று ஒரே தாவலில் பார்வையை விட்டே போய்விடும். சிலி நாட்டுக் கடலோரம், கன்செப்சியோன் ஊருக்கு வடக்கே, நிறம் மாறிய நீரை எடுத்துப் பார்த்த டார்வின், நடுவில் இழை வளையம் கொண்ட நுண்ணுயிரிகள் பாய்ந்து ஓடுவதையும் நின்றவுடன் வெடிப்பதையும் எழுதிவைத்திருக்கிறார். அது மீசோடினியமாகத்தான் இருக்கும் என்பது பலருடைய கருத்து. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இப்போது ஆபத்துக்கு வருவோம். மீசோடினியம் கடலையே சிவப்பாக்கும், ஆனால் அதனிடம் விஷம் இல்லை. விஷம் அடுத்த ஆளிடம். டைனோஃபைசிஸ் என்ற டைனோஃபிளஜெல்லேட் (சாட்டை போன்ற இழைகளால் நீந்தும் ஒரு செல் உயிரி) மீசோடினியத்தைக் குத்தி, உள்ளே இருப்பதை உறிஞ்சி, அது திருடி வைத்திருந்த பசுங்கணிகத்தைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். திருடனிடமே திருட்டு. டைனோஃபைசிஸை ஆய்வகத்தில் வளர்க்க முடியாமல் பல காலம் திண்டாடினார்கள். மீசோடினியத்தை இரையாகக் கொடுத்தால் வளரும் என்று 2006இல் தென்கொரிய ஆய்வாளர்கள் காட்டிய பிறகுதான் வழி பிறந்தது.

டைனோஃபைசிஸ் உண்டாக்கும் ஒகடாயிக் அமிலம் சிப்பியிலும் மட்டியிலும் சேரும். அவற்றைச் சாப்பிட்டால் கடும் வயிற்றுப்போக்கு வரும். நன்றாக வேகவைத்தால் போய்விடாதா என்றால், போகாது. சமைக்கும் சூட்டுக்கு அது அசையாது. அதனால் கடல் நீரைக் கண்காணிப்பதுதான் வழி. 2008இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில், நீரில் ஓடும் செல்களைத் தானாகப் படமெடுக்கும் கருவி ஒன்று டைனோஃபைசிஸ் பெருகுவதைக் காட்டிக்கொடுத்தது. பக்கத்து ஊரில் சிப்பித் திருவிழா நடக்கவிருந்த நேரம் அது. சிப்பி அறுவடையை நிறுத்தி, விற்பனைக்குப் போனதையும் திரும்பப் பெற்றார்கள். யாருக்கும் நோய் வரவில்லை.