இரண்டு பேராக எண்ணுவோம்

(சபையின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கர்த்தருடைய நாமத்திற்கு ஸ்தோத்திரம்.

மேடையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களே, நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் பக்கத்துச் சபைகளின் போதகர்களே, மூத்த மூப்பர் ஐயா அவர்களே, செயலாளர், பொருளாளர் அவர்களே, பெண்கள் ஐக்கியத்தின் தலைவி அம்மா அவர்களே, காலையிலிருந்து நாற்காலி போட்டு, ஒலிபெருக்கி கட்டி, இன்னும் உட்காராமல் சுவரோரம் நிற்கிற வாலிபத் தம்பி தங்கைகளே, என் அன்பான சபையாரே, எல்லாருக்கும் என் வாழ்த்துக்கள். மூத்த மூப்பர் ஐயாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். சிறுவனாக இருந்த என்னைக் கைபிடித்து பிரசங்க பீடத்தருகே நிறுத்தி, முதல்முதலாக வேதப்பகுதி வாசிக்க வைத்தவர் அவர்தான். இன்று அவர் முன்னால் நின்று பேசுவது எனக்குப் பெரிய பாக்கியம்.

'சபையில் உத்தமமாய் வாழ்வது' என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நாவு, உறவு, பணம் என்று மூன்று காரியங்களைப் பேச நினைத்து வந்திருக்கிறேன்.

முதலில் நாவு. உள்ளதை உள்ளதென்றும் இல்லாததை இல்லதென்றும் சொல்லச் சொல்கிறார் யாக்கோபு. ஆராதனை முடிந்து வாசலில் ஒருவர் கண் கலங்கிச் சொல்லும்போது, "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறோம். செருப்பை மாட்டுவதற்குள் மறந்துபோகிறோம். அது சின்ன விஷயமாகத் தெரியலாம், சொன்னவருக்குத்தான் சின்னது. அதைவிட மோசமான ஒன்று, ஜெபக்குறிப்பு என்ற பெயரில் அடுத்த வீட்டுச் சங்கதியைக் கூட்டத்தில் அவிழ்த்துவிடுவது. 'ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று முடித்துவிட்டால் புறங்கூறுதல் பரிசுத்தமாகிவிடுமா?

சரி, பணத்துக்கு வருகிறேன். என் பாரமே அதுதான்.

நம் பெரியவர்கள் சொல்வார்கள், 'மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை' என்று. சின்ன வயதில் அதைப் பாடம் போலச் சொல்லித் திரிந்தவன் நான். அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது இருபத்துநாலு வயதில்.

அப்போது நான் வேறொரு சிறிய சபையில் இருந்தேன். படித்த பையன் என்று என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பைகளைப் பின்னறைக்குக் கொண்டுபோய், நானே கொட்டி, நானே எண்ணி, நானே எழுதுவேன். ஒருநாள் எனக்கு அவசரமாகச் சில்லறை தேவைப்பட்டது. காணிக்கையிலிருந்து சின்ன நோட்டுகளை எடுத்துக்கொண்டேன். பதிலுக்குப் பெரிய நோட்டு ஒன்றை அடுத்த நாள் வைத்துவிடலாம் என்று எண்ணம். மாற்றிக்கொள்கிறேன், திருடவில்லையே என்று மனசுக்குச் சமாதானம் வேறு. அடுத்த நாள் மறந்தேன். அதற்கடுத்த நாளும் மறந்தேன். மூன்று வாரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது, ஓடிப்போய் வைத்தேன். ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பாடம். யாராவது சும்மா, "தம்பி, கட்டட நிதி எவ்வளவு சேர்ந்திருக்கு?" என்று கேட்டாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். பணத்தைத் திருப்பி வைத்த பிறகும் மடியில் கனம் குறையவில்லை.

கடைசியில் போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பதவியைப் பிடுங்குவார் என்று பயந்தேன். அவர் திட்டவில்லை. என்னோடு ஜெபித்தார். அடுத்த ஞாயிறு பின்னறையில் போய்ப் பார்த்தால், மேசைக்கு எதிரே ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஆனால் பணம் எண்ணுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. நோட்டுகளை மடியில் வைத்து நீவி, சுருக்கம் எடுத்து, முகம் ஒரே பக்கம் வரும்படி அடுக்குவார்கள். பத்துப் பத்தாக வாய்விட்டு எண்ணுவார்கள். நாணயத்தை அடுக்கி, அடுக்கின் உயரம் பார்த்தே சரியா தப்பா என்று சொல்லிவிடுவார்கள். நான் ஒருமுறை எண்ண வேண்டும், அவர்கள் ஒருமுறை எண்ண வேண்டும், இரண்டும் ஒத்துவந்த பிறகுதான் நான் பேனாவைத் திறக்க வேண்டும். நான் எழுதிக் காட்டுவேன், அவர்கள் பெருவிரலில் மை தொட்டு வைப்பார்கள்.

முதல் இரண்டு வாரம் எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். என்னை வேவு பார்க்க வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அது முகத்தில் தெரிந்துவிட்டது போல. ஒருநாள் எண்ணுவதை நிறுத்திவிட்டு அந்த அம்மா சொன்னார்கள்: "தம்பி, உன் மேல சந்தேகப்பட்டு என்னைய உக்கார வைக்கல. ஒண்டியா இருக்கியேன்னு துணைக்கு உக்கார வச்சிருக்காங்க."

துணை! இத்தனை வருஷத்தில் கணக்கு வழக்கைப் பற்றி இதைவிடப் பெரிய பிரசங்கத்தை நான் கேட்டதில்லை. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குப் புரிந்தது: மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை.

வேதத்தைப் பாருங்கள். பாபிலோனிலிருந்து எருசலேமுக்குக் கிளம்பினார் ஆசாரியரான எஸ்றா. அவர் கையில் ஆலயத்துக்கான காணிக்கை: வெள்ளி மட்டும் 650 தாலந்து, பொன் 100 தாலந்து. ஒரு தாலந்தை 30 கிலோ என்று வைத்தால்கூட வெள்ளி மட்டும் ஏறக்குறைய 20 டன். நாலு மாதப் பயணம். ராஜாவிடம் போர்ச்சேவகரைக் கேட்க வெட்கப்பட்டார். உபவாசம் பண்ணி, கர்த்தரையே நம்பினார். அப்படிப்பட்ட விசுவாசி என்ன செய்தார்? ஆசாரியரில் 12 பேரைப் பிரித்து, எல்லாவற்றையும் அவர்களிடம் நிறுத்துக் கொடுத்தார். எருசலேமுக்குப் போய்ச் சேர்ந்து நாலாம் நாளில், ஆலயத்திலே மறுபடியும் நிறுத்து, நிறையை எழுதி வைத்தார்கள். அந்த மடியில் எவ்வளவு கனம்! நிறுத்து எழுதிய கனமானதால், போய்ச் சேர்ந்த இடத்தில் எந்தப் பயமும் இல்லை.

'விசுவாசிகளுக்குள் கணக்குக் கேட்கலாமா?' என்கிறவர்களுக்கு எஸ்றாவின் தராசுதான் என் பதில். தன் உடன் ஊழியனான தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரைச் சேர்த்து அனுப்பின பவுல், தர்மப் பணத்தைக் குறித்து ஒருவனும் குற்றப்படுத்தாதபடி பார்த்துக்கொண்டார். பணப்பையைத் தன்னிடம் வைத்திருந்த யூதாஸ் அதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான் என்று யோவான் எழுதுகிறார்.

போன மாதம் ஒரு சகோதரர் என்னை மடக்கினார். "யூதாவின் யோவாஸ் ராஜா காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்க்கும் வேலை செய்விக்கிறவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்று 2 இராஜாக்கள் 12-இல் இருக்கிறதே" என்றார். இருக்கிறது, ஐயா. ஆனால் அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் மேலே போய்ப் பாருங்கள். காணிக்கைப் பெட்டியில் பணம் சேர்ந்ததும் ராஜாவின் எழுத்தரான சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் வந்து, எண்ணி, கட்டி, அப்புறம்தான் அவர்கள் கையில் கொடுத்தார்கள். அரண்மனையிலிருந்து ஒருவர், ஆலயத்திலிருந்து ஒருவர். அந்த ஏற்பாடு வருவதற்கு முன்னால் என்ன நிலைமை? யோவாஸ் அரசாண்ட 23-ஆம் வருஷம் வரைக்கும் ஆலயத்தின் பழுது பார்க்கப்படவில்லை.

நம் பொருளாளர் அவர்கள் இங்கே இருக்கிறார். அவருடைய உண்மையை நான் அறிவேன், நீங்களும் அறிவீர்கள். அவருக்காகத்தான் இதைக் கேட்கிறேன். அவர் ஒருவரே எண்ணி, ஒருவரே எழுதி, நாளைக்கு யாராவது ஒரு வார்த்தை சொன்னால் தனக்காகச் சாட்சி சொல்ல ஓர் ஆள் இல்லாமல் நிற்கக் கூடாது. அவரைத் தனியாக விட்டது நம் குற்றம்.

ஆகவே சபையார் முன் என் விண்ணப்பத்தை வைக்கிறேன். ஒவ்வொரு காணிக்கையையும், ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும். மாத வரவு செலவு அடுத்த மாத முதல் ஞாயிறு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வேண்டும், அது போதகர் வீட்டுச் செலவானாலும் சரி. வருஷக் கணக்கைக் கமிட்டியில் இல்லாத ஒரு ஆடிட்டர் பார்க்க வேண்டும். இதைப் போதகர் ஐயாவிடம் முன்பே சொன்னேன். "முதல் ரசீது என்னுடையதாக இருக்கட்டும்" என்றார். அவருக்கு என் வந்தனம்.

உறவைப் பற்றிப் பேச நேரம் இடம் கொடுக்கவில்லை. மத்தேயு 18-ஆம் அதிகாரம் 15-ஆம் வசனத்தை வீட்டில் குடும்பமாக உட்கார்ந்து வாசியுங்கள். உங்களுக்கு விரோதமாகக் குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் போகச் சொல்கிறார் ஆண்டவர். நமக்குள் எத்தனை பேர் அப்படிப் போயிருக்கிறோம்?

வாசலருகே மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். காணிக்கை எண்ண வர விருப்பமுள்ளவர்கள் பெயர் எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களும் வாருங்கள், பக்கத்திலேயே மைப்பெட்டி இருக்கிறது.