குப்பைக் குழியில் கிடைத்த அரண்மனை

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானிய அரசவையின் தொடக்க காலத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் முதலில் மூன்று நூல்களைக் கையில் எடுப்பார்கள். 712இல் அரங்கேறிய கொஜிகி, 720இல் வந்த நிஹோன் ஷோகி, 797இல் முடிந்த ஷோகு நிஹோங்கி. மூன்றும் அரசவையின் ஆணைப்படி எழுதப்பட்டவை. யார் அரியணை ஏறினார், யாருக்கு என்ன பதவி கிடைத்தது, எந்த மாதம் என்ன சடங்கு நடந்தது என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். அந்த அரண்மனையின் அடுக்களைக்கு உப்பு எங்கிருந்து வந்தது, கடைநிலை எழுத்தர் ஆண்டுக்கு எத்தனை நாள் வேலைக்கு வர வேண்டியிருந்தது என்பதையெல்லாம் வேறு இடத்தில்தான் தேட வேண்டும். அந்த இடம், அரண்மனையின் குப்பைக் குழி.

1961 ஜனவரியில் நாரா நகரத்தில், பழைய தலைநகரான ஹெய்ஜோவின் அரண்மனை வளாகத்தில் ஒரு குழியைத் தோண்டினார்கள். மை எழுத்துள்ள மரச்சீட்டுகள் நாற்பது போல வெளியே வந்தன. ஜப்பானியர் இவற்றை மொக்கன் என்பார்கள். அவற்றுள் ஒன்று, ஒரு புத்த மடத்திலிருந்து அரண்மனைப் பண்டகசாலைக்கு வந்த கேட்புச் சீட்டு. சிவப்புப் பயறு 1 தோ, சோயா ஊறல் 1 தோ 5 ஷோ, அதோடு புளிக்காடி, மிசோ என்னும் சோயா விழுது ஆகிய நான்கு பண்டங்களும் இன்ன அரண்மனைப் பெண் அதிகாரியின் இடத்துக்கு வேண்டும் என்று அதில் இருக்கிறது. 10 ஷோ சேர்ந்தால் 1 தோ. அந்தக் காலத்து ஷோ முக்கால் லிட்டருக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். முன்னாள் பேரரசி கோகென் 762இல் பேரரசர் ஜுன்னினோடு முரண்பட்டு ஹொக்கேஜி மடத்தில் போய்த் தங்கினார் என்று ஷோகு நிஹோங்கி சொல்கிறது. சீட்டை அனுப்பிய மடம் அதுவே என்று கருதுகிறார்கள். அங்கே அவருடைய அடுக்களைக்கு என்ன தேவைப்பட்டது என்பதை இந்தச் சீட்டு சொல்கிறது.

சீட்டு செய்யும் முறை எளிது. ஹினோகி அல்லது சுகி மரத்தை மெல்லிய பட்டைகளாகப் பிளந்து, சிறு கத்தியால் முகத்தைச் சீவி வழவழப்பாக்குவார்கள். நீளம் பெரும்பாலும் ஒரு சாணிலிருந்து ஒன்றரைச் சாண் வரை. மூட்டையில் கட்ட வேண்டிய சீட்டு என்றால் மேல்முனைக்குச் சற்றுக் கீழே இரண்டு பக்கமும் வெட்டு வைத்துக் கயிறு சுற்றுவார்கள். மூட்டையில் செருகுவது என்றால் கீழ்முனையைக் கூராக்குவார்கள். அன்று காகிதம் விலை கூடியது. மழையிலும் பயணத்திலும் நைந்துபோகும். மரம் தாங்கும். எழுதியது பயன்பட்டு முடிந்ததும் மேற்பரப்பைச் சீவி எறிந்துவிட்டு அதே பட்டையில் மறுபடி எழுதலாம். அதனால்தான் இன்று கிடைப்பவற்றில் பெரும்பகுதி முழுச் சீட்டே அல்ல, காகிதத்தைவிடச் சற்றே தடித்த சீவல்கள். ஒரு சீவலில் அரை எழுத்து, இன்னொன்றில் ஒரு ஊர்ப்பெயரின் வால். ஆய்வாளர்களின் காலமெல்லாம் இவற்றை ஒட்டிப் பார்ப்பதிலேயே போகிறது.

வரிச் சீட்டுகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மாகாணம், பிறகு மாவட்டம், ஊர், வரி கட்டுபவர் பெயர், பண்டம், அளவு, ஆண்டு. வகாசா மாகாணத்துச் சீட்டுகளில் உப்பு வரி 3 தோ என்று திரும்பத் திரும்ப வரும். இசுவிலிருந்தும் சுருகாவிலிருந்தும் வந்த சூரைமீன் கருவாட்டுச் சீட்டுகளில் 11 கின் 10 ரியோ, அதாவது எட்டுக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அவா கடற்கரையிலிருந்து அபலோன் என்னும் கடல்நத்தையின் சதையை நீள வாராக அறுத்து உலர்த்தி அனுப்பினார்கள்; 6 கின், 60 வார். அளவு ஊருக்கு ஊர் மாறாமல் ஒரே மாதிரி இருப்பதைக் கவனியுங்கள். 701இல் வந்த, வரி அளவுகளை வகுத்த தைஹோ சட்டத் தொகுப்பு ஏட்டளவில் நின்றுவிடவில்லை, தொலைதூரக் கடற்கரை மீனவரின் தராசு வரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்று கிடையாது.

இந்த மூட்டைகளைத் தலைநகருக்குச் சுமந்து வந்தவர்கள் குடியானவர்கள். வழிச்சோறு அவர்கள் பொறுப்பு. அவர்களைப் போலத் தலைநகருக்குக் கட்டாய வேலைக்கு வந்தவர்களில் ஊர் திரும்பும் வழியில் உணவு தீர்ந்து, பள்ளங்களில் விழுந்து சாகிறவர்கள் பலர் என்று 712ஆம் ஆண்டு முதல் மாதத்தில் பேரரசி கென்மெய் விடுத்த ஆணையே ஒப்புக்கொள்கிறது. அவர்களுக்கு உணவு கொடுத்து உதவும்படி மாகாண அதிகாரிகளுக்குக் கட்டளையும் போகிறது. அதே முதல் மாதம் 28ஆம் நாள் கொஜிகி அவர் முன் வைக்கப்படுகிறது.

அடுத்த மாதம் முதல் நாள், வேறொரு வீட்டுக்கு ஒரு சீட்டு எழுதப்படுகிறது. இளவரசர் நகயாவின் மாளிகை அது. 1988இல் நாராவில் பல்பொருள் அங்காடி கட்டவிருந்த இடத்தில் அகழ்ந்தபோது, அந்த மாளிகையின் நீண்ட குழி ஒன்றிலிருந்து ஏறத்தாழ 35,000 சீட்டுகளும் சீவல்களும் கிடைத்தன. நான் சொல்லும் சீட்டு, நாராவுக்குக் கிழக்கே மலைமேட்டிலுள்ள துகே என்ற இடத்துப் பனிக்கட்டிக் கிடங்குகள் பற்றியது. கிடங்கு இரண்டு. ஒவ்வொன்றும் 1 ஜோ ஆழம், அதாவது மூன்று மீட்டர். சுற்றளவு 6 ஜோ. ஒன்றில் வைத்த பனிக்கட்டியின் கனம் 3 சுன், மற்றதில் இரண்டரை சுன். நம் கணக்கில் ஒன்பது சென்டிமீட்டர், ஏழரை சென்டிமீட்டர். மேலே மூடிய புல் கிடங்குக்கு 500 கட்டு.

இதே துகேயின் பனிக்கிடங்கு நிஹோன் ஷோகியில் மிகப் பழங்காலப் பேரரசர் நிந்தொகு காலத்துக் கதையாக வருகிறது. வேட்டைக்குப் போன இளவரசர் ஒருவர் மலைமேலிருந்து ஒரு குடிலைக் கண்டு, அது என்ன என்று விசாரிக்கிறார். ஒரு ஜோவுக்கு மேல் தோண்டி, மேலே புல் வேய்ந்து, உள்ளே நாணலைத் தடிப்பாகப் பரப்பி, அதன்மேல் பனிக்கட்டியை வைத்தால் கோடையிலும் உருகாது, வெயில் காலத்தில் மதுவில் இட்டுக் குடிக்கலாம் என்று பதில் வருகிறது. நிந்தொகு காலத்துச் செய்தி என்று இதை அப்படியே நம்ப முடியாது. ஆனால் அந்த நூலை எழுதியவர்கள் தம் நாளில் இருந்த கிடங்கைச் சரியாகவே விவரித்திருக்கிறார்கள் என்பதை நகயா வீட்டுச் சீட்டு காட்டுகிறது. அரசவை நூல்களை முழுப் பொய் என்று ஒதுக்குவதும், முழு மெய் என்று ஏற்பதும் ஒரே அளவு தவறு என்று நான் கருதுவது இத்தகைய இடங்களால்தான்.

நகயா வீட்டில் கொக்குக்கு அரிசி அளந்த சீட்டு இருக்கிறது. குட்டி போட்ட நாய்க்கு 1 ஷோ அரிசி என்ற சீட்டும் இருக்கிறது. அபலோன் 10 கட்டு அனுப்பிய சீட்டில் அவரை நேரடி அரச இளவரசர்களுக்கே உரிய ஷின்னோ பட்டத்தோடு குறித்திருக்கிறார்கள். ஷோகு நிஹோங்கியோ அவருக்கு ஒரு படி தாழ்ந்த பட்டமே தருகிறது. 729இல் அரசுக்கு எதிராகச் சூனியம் செய்தார் என்ற குற்றச்சாட்டில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள நேர்ந்தது. மனைவி கிபியும் பிள்ளைகளும் கூடவே மாண்டார்கள். அதே ஆண்டு, அரசவையில் செல்வாக்கு மிக்க ஃபுஜிவாரா குலத்துக் கோம்யோ பட்டத்தரசி ஆனார். அரச குலத்தில் அத்தனை உயரத்தில் இருந்தவர் ஃபுஜிவாராக்களுக்கு எத்தனை பெரிய தடையாக இருந்திருப்பார் என்பதை அந்த அபலோன் சீட்டைப் படித்த பிறகுதான் முழுதாக உணர முடிகிறது. பிற்பாடு 738ஆம் ஆண்டுக் குறிப்பில் அதே நூல் அந்தக் குற்றச்சாட்டைப் பொய்ப் புகார் என்றே எழுதுகிறது.

அலுவலகச் சீட்டுகளில் ஒரு வகை மிகவும் கெட்டிக்காரத்தனமானது. அதிகாரியின் பெயர், பதவிநிலை, வயது, வேலைக்கு வந்த நாள்கள் எல்லாம் ஒரு சீட்டில். பட்டையின் விளிம்பு வழியாகக் குறுக்கே ஒரு துளை. கயிற்றில் கோத்து, ஆட்களின் வரிசையை விரும்பியபடி மாற்றலாம், எழுத்து மறையாது. முழுநேர அதிகாரி ஆண்டுக்கு 240 நாள், முறை வைத்து வருபவர் 140 நாள் வந்தால்தான் அந்த ஆண்டு மதிப்பீட்டுக்கே எடுத்துக்கொள்வார்கள்.

வரலாற்றையே திருத்திய சீட்டும் உண்டு. 646ஆம் ஆண்டின் சீர்திருத்த ஆணை என்று நிஹோன் ஷோகி தருவதில் மாவட்டத்துக்கு கோரி என்பதைக் குறிக்க ஓர் எழுத்து வருகிறது. அது அந்தக் காலத்து எழுத்துதானா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். 1967இல், ஹெய்ஜோவுக்கு முந்திய தலைநகரின் ஃபுஜிவாரா அரண்மனை வளாகத்தில் 699ஆம் ஆண்டுச் சீட்டு கிடைத்தது. அதில் வேறு எழுத்து. 701க்கு முந்திய சீட்டுகள் பிறகு எத்தனையோ வந்தும் எல்லாவற்றிலும் அந்த வேறு எழுத்தே. ஆக, ஆணையின் வாசகத்தைப் பிற்காலச் சட்ட மொழியில் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்பது உறுதியாயிற்று.

இத்தனை சீட்டுகளும் பிழைத்தது நிலத்தடி நீரால். காற்றுப் புகாத ஈரச் சேற்றில் மரத்தை அரிக்கும் கிருமிகள் பெருகவில்லை. மை கரியால் ஆனது என்பதால் கரையவில்லை. ஆபத்து வெளியே எடுத்த பிறகுதான். மரத்தின் உள்ளறைகளை நீர்தான் தாங்கி நிற்கிறது. அப்படியே உலரவிட்டால் சுருங்கி, முறுக்கி, எழுத்தோடு சேர்ந்து பாழாகும். ஆகவே மென்மையான தூரிகையால் கழுவி, பூஞ்சை பிடிக்காமல் போரிக் அமிலம் சேர்த்த நீரில் மூழ்க வைக்கிறார்கள். நாராவின் ஆய்வு நிறுவனத்தில் கோடைதோறும் ஊழியர்கள் கூடி, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, எண்ணிச் சரிபார்த்து நீர் மாற்றுகிறார்கள். நிரந்தரப் பாதுகாப்புக்கு நீரின் இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் மெழுகு போன்ற வேதிப்பொருளைப் புகுத்துவது ஒரு வழி. ஆல்கஹால் வகையை ஊறவைத்து உறையச் செய்து வெற்றிடத்தில் உலர்த்துவது இன்னொரு வழி. வெறுங்கண்ணுக்குக் கறுத்த பட்டையாகத் தெரிவதும் அகச்சிவப்புப் படத்தில் எழுத்தாக எழும்பும்.

ஹெய்ஜோ அரண்மனைச் சீட்டுகள் 3,184 சேர்ந்து 2017இல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டன. மூலச் சீட்டுகளை வெளிச்சம் கெடுக்கும் என்பதால், அரண்மனை வளாக அருங்காட்சியகத்தில் இலையுதிர் காலத்தில் சில வாரங்களுக்கு மட்டும் வைக்கிறார்கள். மற்ற நாள்களில் அந்த நிறுவனத்தின் இணையத் தரவுத்தளத்தில் படங்களையும் வாசகங்களையும் யாரும் பார்க்கலாம்.