ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு சீனத்துக்குப் போகாதீர்கள்

அவைத் தலைவருக்கும், பெற்றோர்களுக்கும், செப்டம்பரில் பெய்ஜிங் புறப்படவிருக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

சீனம் கடினமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. கடினம்தான். ஆனால் நம் பிள்ளைகள் படும் பாட்டில் ஒரு பெரும் பங்கு சீனத்தால் வருவதல்ல. பாடநூலின் விளக்கம் ஆங்கிலத்தில் இருப்பதால் வருவது. வாயில் ஏற்கெனவே இருக்கும் ஒலியையும் மனத்தில் இருக்கும் வாக்கிய ஒழுங்கையும் வீட்டிலேயே வைத்துவிட்டு, ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

ஒலியிலிருந்து தொடங்குவோம். சீன ஒலிகளை உரோமன் எழுத்தில் எழுதும் பினயின் முறையைச் சீன அரசு 1958-இல் ஏற்றுக்கொண்டது. எழுத்துகள்தாம் ஆங்கிலத்தில் பார்த்தவை, ஒலி வேறு. ஆங்கிலத்தில் 'பஸ்' என்று எழுதும்போது வரும் முதல் எழுத்தைப் பினயினில் கண்டதும் நம் மாணவர் தொண்டை அதிர உச்சரிக்கிறார். சீனத்தில் சொல்லின் தொடக்கத்தில் அந்த அதிர்வு கிடையாது. அங்கே வேண்டியது 'பல்' என்ற தமிழ்ச் சொல்லின் முதல் ப. 'பென்சில்' எழுத்துக்கு வேண்டியது அதே ப-வோடு ஒரு மூச்சுக்காற்று. நாமோ ஆங்கிலம் பேசும்போது பென்சிலைக் காற்றே இல்லாமல் சொல்லிப் பழகியவர்கள். அதை அப்படியே கொண்டுபோனால் சீனக் காதில் அது 'பஸ்' எழுத்தாகத்தான் விழும்.

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். வகுப்புகளில் சொல்லித்தரும் ஒரு பயிற்சி வாக்கியம் உண்டு: 'துட்ஸ பாவ் ல' என்றால் வயிறு நிறைந்தது. அதே து-விலும் பா-விலும் காற்றைச் சேர்த்துச் சொன்னால் முயல் ஓடிவிட்டது என்று பொருள். குரலின் ஏற்ற இறக்கமான சுரம் ஒன்றே, காற்று மட்டும்தான் வேறு. மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை உதட்டுக்கு இரண்டு விரற்கடை முன்னால் பிடியுங்கள். வயிற்றுக்குக் காகிதம் அசையக் கூடாது. முயலுக்குப் படபடக்க வேண்டும். புறப்படும் முன்பே தினமும் பத்து நிமிடம் இதைச் செய்துவிடலாம், செலவில்லாத பயிற்சி.

அடுத்தது த. 'டாக்டர்', 'டிக்கெட்' எழுத்துகளைப் பினயினில் பார்த்ததும் நாக்கை மடித்து ட என்கிறோம். சீனத்துக்கு ட வேண்டாம்; பல்லை ஒட்டி வரும் நம் த போதும். 'பெரிய' என்ற பொருளுடைய சொல் 'தா'தான், 'டா' அல்ல. ஆங்கிலம் படித்ததால் மட்டுமே வரும் பிழை இது.

தமிழால் வரும் பிழையும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். 'பந்து', 'தம்பி', 'சங்கு' என்ற சொற்களில் மெல்லினத்தை அடுத்த வல்லினம் இளகிவிடுகிறது. உடம்பு என்பதற்கு 'ஷென்தி'; அந்தத் தி-யைக் காற்றோடு சொல்ல வேண்டும். நாம் 'பந்து'வில் வரும் து போல இளக்கிவிடுகிறோம். இரண்டு அசைகளையும் தனித்தனியாக நிறுத்திச் சொல்லி, பிறகு சேர்க்க வேண்டும். இதே காரணத்தால்தான் குறிப்பேட்டில் சீனச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிவைக்காதீர்கள் என்கிறேன். காற்றுள்ள ப-வும் காற்றில்லாத ப-வும் நம் எழுத்தில் ஒன்றாகிவிடும். இந்த மேடையில் நான் சொல்லும் உச்சரிப்புகளும் அடையாளத்துக்கு மட்டுமே.

நாக்கு நுனியைச் சற்றே பின்னுக்கு இழுத்துச் சொல்லும் ஒரு வரிசை உண்டு. ழகரம் ஒழுங்காக வருகிறவர்களுக்கு அது பாதி வந்த மாதிரி. ட அளவுக்கு மடித்துவிடாமல் பார்த்துக்கொண்டால் சரி. அதற்கு நேர் எதிராக, நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லின் பின்னால் வைத்துச் சொல்லும் இன்னொரு வரிசைக்கு 'பச்சை'யில் வரும் ச்ச நல்ல தொடக்கம். இந்த இரண்டையும் குழப்பினால் பின்னால் திருத்துவது பெரும்பாடு.

இனி சுரம். நான்கு: உயர்ந்து நிற்பது, ஏறுவது, தாழ்ந்து நிற்பது, விழுவது. சுரமில்லாத மென்மையான அசை ஒன்றும் உண்டு. மூன்றாவதை ஏன் 'தாழ்ந்து நிற்பது' என்கிறேன்? பாடநூல் அதை இறங்கி ஏறும் வளைவாக வரைகிறது. தனியாகச் சொன்னால்தான் அப்படி. தொடர் பேச்சில் பெரும்பாலும் தாழ்ந்தே நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் வளைத்து ஏற்றுகிறவர் பேசுவது இரண்டாம் சுரமாகக் கேட்கும். மூன்றாம் சுரமே இரண்டு முறை அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் சுரமாக மாறும். 'நீ ஹாவ்' என்ற வணக்கமே அப்படித்தான். வாங்குவதும் 'மாய்', விற்பதும் 'மாய்'. முன்னது மூன்றாம் சுரம், பின்னது நான்காம் சுரம். கடைக்காரரிடம் இது சிரிப்போடு போய்விடும், ஒப்பந்தத்தில் போகாது.

தனித்தனி சுரமாகப் பயிலாதீர்கள், இணையாகப் பயிலுங்கள். முதல் அசைக்கு நான்கு சுரம், இரண்டாவதற்கு ஐந்து வாய்ப்பு, ஆக இருபது இணை. ஒவ்வொரு இணைக்கும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கைப்பேசியில் பதிவு செய்து, ஆசிரியரின் பதிவோடு ஒட்டிக் கேளுங்கள். கேள்வி கேட்கும்போது 'வர்றியா' என்று கடைசியைத் தூக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அது நான்காம் சுரத்தில் முடியும் சொல்லை இரண்டாம் சுரமாக்கிவிடும்.

இலக்கணத்தில் ஆங்கிலச் சுற்றுவழியின் நட்டம் இன்னும் பளிச்சென்று தெரியும். 'நேற்று நான் வாங்கிய புத்தகம்' என்பதைச் சீனத்தில் சொல்லுங்கள்: 'ஸுவோதியென் வோ மாய் த ஷு'. நேற்று, நான், வாங்கிய, புத்தகம், அதே வரிசை. நம் பெயரெச்சம் செய்யும் வேலையை அந்தத் 'த' செய்கிறது. ஆங்கிலத்தில் யோசிக்கிறவர் புத்தகத்தை முன்னால் போட்டுவிட்டுப் பிறகு தடுமாறுகிறார். 'அவன் என்னைவிட உயரம்' என்பதற்கு 'தா பி வோ காவ்'. 'இருக்கிறான்' என்றோ 'ஆவான்' என்றோ எதுவும் வேண்டாம், தமிழைப் போலவே. ஆங்கில வழி வந்தவர் நடுவில் 'ஷ்' என்ற வினையைச் செருகுவார். தொடக்க வகுப்புகளில் அதிகம் திருத்தப்படும் பிழைகளில் அது ஒன்று. வாக்கியக் கடைசியில் 'மா' போட்டால் கேள்வி, நம் 'ஆ' மாதிரி. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நால்வருக்கும் தனிப்பெயர். செயப்படுபொருள் வினைக்குப் பின்னால் வரும் என்பதை மட்டும் மறக்காமல் புதிதாகப் பழக்க வேண்டும்; புதியவை வேறு சிலவும் உண்டு.

எழுத்துக்கு வருகிறேன். 1988-இல் வெளியான பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2500 எழுத்துகள் முதல் நிலை, 1000 இரண்டாம் நிலை. கேட்டவுடன் மலைப்பாக இருக்கும். ஆனால் பெரும்பாலானவை இரண்டு உறுப்புகளால் ஆனவை, ஒன்று பொருளைக் காட்டும், மற்றது ஒலியை. 'சிங்' என்ற ஒலியுறுப்பின் பக்கத்தில் நீர் சேர்ந்தால் தெளிவு, பேச்சு சேர்ந்தால் வேண்டுகோள், நெஞ்சு சேர்ந்தால் உணர்வு, சூரியன் சேர்ந்தால் வானம் வெளுத்த நாள். உறுப்புகளைப் பிரித்துப் படிக்காமல் படம்போல மனப்பாடம் செய்பவர் இருநூறு எழுத்து வரை ஓடுவார், அதற்குமேல் ஒன்றோடொன்று கலந்துபோகும். கைப்பேசியில் பினயின் தட்டினால் எழுத்து தானாக வந்து நிற்கும்; அதனால் கண்டால் தெரியும், எழுதச் சொன்னால் கை ஓடாது. காலையில் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதும் 'திங்ஷியே' பயிற்சியைத் தட்டிக்கழிக்காதீர்கள். கட்டம்போட்ட ஏட்டில், கோட்டு வரிசை மாறாமல், இன்று ஐந்து முறை, நாளை இரண்டு, அடுத்த வாரம் ஒன்று. ஒரே நாளில் ஐம்பது முறை எழுதுவது கைவலிக்குத்தான் ஆகும்.

பெய்ஜிங் மொழி மற்றும் பண்பாட்டுப் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள வூதாவ்கோ பகுதியில் வெளிநாட்டு மாணவர்கள் அதிகம். ஒரு சொல் சீனம் பேசாமலேயே அங்கே காலம் தள்ளலாம். உணவகத்தில் மேசைமேல் ஒட்டிய கட்டத்தைக் கைப்பேசியில் வருடினால் சாப்பாடு வந்துவிடும். அதனால் வரிசை நின்று வாயால் கேட்டு வாங்கும் இடத்தைத் தேடிப் போங்கள். பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் சோற்றை 'லியாங்' கணக்கில் கேட்பதுண்டு. ஒரு லியாங் 50 கிராம். தொலைபேசி எண்ணிலும் அறை எண்ணிலும் ஒன்றை 'யீ' என்று சொல்லாமல் 'யாவ்' என்பார்கள். பெய்ஜிங்காரர்கள் சொல்லின் வாலில் 'அர்' சேர்த்துப் பேசுவார்கள். பாட ஒலிப்பதிவை மட்டும் கேட்டவருக்கு இவை முதல் மாதம் முழுக்க இடறும்.

சீன மொழித் திறனைச் சோதிக்கும் எச்எஸ்கே தேர்வில் நான்காம் நிலைக்குப் பழைய பட்டியல்படி 1200 சொல். 300-க்கு 180 எடுத்தால் தேர்ச்சி. 2021-இல் வந்த ஒன்பது நிலைத் தரத்தில் அதே நான்காம் நிலைக்கு 3245 சொல். பழைய புத்தகத்தை மலிவாக வாங்கும் முன் நீங்கள் எழுதப்போவது எந்தத் திட்டம் என்று பாருங்கள். சேர்க்கைக்காக என்றால் மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும்.

கடைசியாகக் காகித வேலை. 180 நாளுக்கு மேல் தங்கிப் படிப்போருக்கு எக்ஸ்1 என்ற மாணவர் விசா. இறங்கிய 30 நாளுக்குள் தங்குரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விடுதியில் தங்காமல் வெளியே வீடெடுத்தால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். நமக்கென்று ஒரு தனிச் சிக்கல், இனிஷியல். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் இருக்கும். சேர்க்கைக் கடிதத்தில் வரிசை மாறியிருக்கும். ஓரெழுத்து மாறினாலும் வங்கிக் கணக்கு, சிம் கார்டு, தேர்வுப் பதிவு எல்லாம் வரிசையாகத் தடைபடும். அங்கே போய்த் திருத்துவதைவிட இங்கிருந்தே கடிதத்தைத் திருத்தி வாங்குவது எளிது. கடவுச்சீட்டு, சேர்க்கைக் கடிதம் இரண்டையும் கையில் கொண்டுவந்தவர்கள் மேடைக்கு இடப்பக்கம் வாருங்கள், ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்துவிடுவோம்.