கார்னியாடிஸின் பலகை: யார் கேட்ட கேள்வி, யார் வாயால்?

[திரை: கொந்தளிக்கும் கடல். நடுவில் ஒரே ஒரு பலகை.]

கப்பல் உடைந்துவிட்டது. பலகையைப் பிடித்தபடி ஒருவன் மிதக்கிறான். அவனைவிட வலுவான இன்னொருவன் நீந்தி வருகிறான். பலகை ஒருவரைத்தான் தாங்கும். நடுக்கடல், சாட்சி யாரும் கிடையாது. வருகிறவன் தள்ளிவிடுவானா, மாட்டானா?

பழைய கிரேக்கத் தத்துவவாதி கார்னியாடிஸின் பெயரில் வழங்கும் கதை இது. சட்டம் படித்தவர்களுக்கு 'கார்னியாடிஸின் பலகை' பழக்கமான பெயர். "உயிர் பிழைக்கக் கொன்றால் குற்றமா?" என்பதோடு பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். கதை நமக்குக் கிடைத்த லத்தீன் நூலில் இருக்கும் கேள்வி அதுவல்ல. அங்கே கூண்டில் நிற்பது நீந்தி வந்தவன் அல்ல, 'நீதிமானே அறிவாளி' என்ற கொள்கை. தள்ளினால் அறிவாளி, நீதிமான் இல்லை. தள்ளாமல் மூழ்கினால் நீதிமான், ஆனால் முட்டாள்.

[திரை: பூட்டிய வீடு, விற்பனைப் பலகை.]

கடலுக்கு வருவதற்கு முன் ஒரு படி இருக்கிறது. அதை விட்டுவிட்டால் வாதம் நொண்டும். ஒருவன் வீட்டை விற்கிறான். குடியிருந்தால் நோய் வரும் வீடு, அது அவனுக்கு மட்டுமே தெரியும். சொன்னால் அடிமாட்டு விலைக்குப் போகும், இல்லை விலையே போகாது. மறைத்தால் மோசடி. இன்னொருவன் தங்கத்தைப் பித்தளை என்று நினைத்து விற்கிறான். வாங்குகிறவன் வாயைத் திறப்பானா? இதுவரை நஷ்டம் பணத்தோடு போகிறது. பிறகுதான் உயிரே போகும் இடத்துக்கு, பலகைக்கு, வாதம் ஏறுகிறது.

[திரை: ரோம், கி.மு. 155.]

ஓரோபஸ் என்ற கிரேக்க ஊரைச் சூறையாடியதற்காக ஏதென்ஸுக்கு 500 தாலந்து (பழைய பெரும் பண அளவு) அபராதம். அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்க மூன்று தத்துவவாதிகள் ரோமுக்கு வந்தார்கள்: ஸ்டோயிக் என்ற தத்துவப் பள்ளியைச் சேர்ந்த டயோஜெனிஸ், அரிஸ்டாட்டில் வழிவந்த கிரிட்டோலாஸ், பிளேட்டோவின் அகாடமிக்குத் தலைவராக இருந்த, எதையும் உறுதியாக ஏற்காத ஐயவாதி கார்னியாடிஸ். முதல் நாள் நீதிக்கு ஆதரவாகப் பேசினார் கார்னியாடிஸ். மறுநாள் அதே நீதியை அடித்து நொறுக்கினார். இந்த ஆள் வாதாடினால் எது உண்மை என்றே பிரித்தறிய முடியாது, சீக்கிரம் அனுப்பிவையுங்கள் என்று ரோமானிய அரசியல்வாதி மூத்த கேட்டோ சொன்னதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். அபராதம் 100 தாலந்தாகக் குறைந்தது.

[திரை: எழுத்தின் மேல் எழுதிய தோல் ஏடு.]

அந்தப் பேச்சு நம் கைக்கு வந்த வழி சுற்றுவழி. கார்னியாடிஸ் நூல் எதையும் விட்டுச்செல்லவில்லை. சுமார் நூறு ஆண்டுகள் கழித்து, அரசு பற்றிய தன் உரையாடல் நூலில், நீதிக்கு எதிரான தரப்பை ஃபிலஸ் என்ற பாத்திரத்தின் வாயில் வைத்தார் ரோமானியப் பேச்சாளர் சிசரோ. ஃபிலஸோ 'இது என் கருத்தல்ல' என்று முனகிக்கொண்டே பேசுகிறார். வரிசையையும் சிசரோ திருப்பிப்போட்டார்: எதிர்ப்பு முதலில், ஆதரவு கடைசியில். நீதி தோற்று முடியக் கூடாதல்லவா! அந்த நூலே பின்னால் தொலைந்தது. 1819-இல் வத்திக்கானில், பைபிளின் சங்கீதங்களுக்குக் கிறிஸ்தவ அறிஞர் அகஸ்டின் எழுதிய உரைக்கு அடியில், சுரண்டி அழித்த எழுத்தாக ஆஞ்சலோ மாய் என்ற அறிஞர் அதைக் கண்டெடுத்தபோது, இந்த வாதம் வரும் மூன்றாம் பகுதியில் பல ஏடுகள் இல்லை. பலகை நமக்குக் கிடைப்பது நான்காம் நூற்றாண்டுக் கிறிஸ்தவரான லாக்டான்டியஸின் சுருக்கத்திலிருந்து. அவரும் அதை மறுப்பதற்காகத்தான் எடுத்துக்கொண்டார்.

ஆக, 'கார்னியாடிஸ் கொலையை நியாயப்படுத்தினார்' என்று எழுதுகிறவர்கள் ஒரு நாள் பேச்சை, அதுவும் மூன்றாம் கையிலிருந்து, முழு ஆளாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அவரைப் பற்றிய துணுக்குகளில் இன்னும் கவனம் தேவை. ஸ்டோயிக் தத்துவவாதி கிரைசிப்பஸோடு வாதாடப் போகுமுன் மூளையைத் தெளிவாக்க கார்னியாடிஸ் ஹெல்லிபோர் மூலிகை குடிப்பார் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் வலேரியஸ் மாக்சிமஸ். ஆனால் கிரைசிப்பஸ் இறந்தபோது கார்னியாடிஸ் சின்னப் பையன்.

[திரை: அமைதியான கடல், பாய்மரப் படகு.]

கார்னியாடிஸைப் போல எதையும் உறுதியாக ஏற்காதவர் காலையில் எழுந்து எப்படி வேலை பார்ப்பார்? இதற்கு அவர் வழியில் வந்த பதிலை சிசரோ ஒரு படகை வைத்துச் சொல்கிறார். இங்கிருந்து இத்தாலியின் புத்தேயோலி துறைமுகம் 30 ஸ்டேடியம், ஏறக்குறைய ஐந்தரை கிலோமீட்டர். நல்ல படகு, தேர்ந்த மாலுமி, கடலும் இப்படி அமைதி. பத்திரமாகப் போய்ச் சேருவோம் என்று தோன்றுகிறது. மறுக்க எதுவும் கண்ணில் படவில்லை. அறிவாளி படகில் ஏறுகிறான்.