பால் டின்னுல கோடு போடுங்க! உரம் லோங்காங்குக்கு (வடிகாலுக்கு) போகாம இருக்க என்ன செய்யணும்

வணக்கம் மக்களே. இன்னிக்கு எனக்குக் கோவம், முதல்லயே சொல்லிடறேன். போன சாவிக் கீரை (கடுகுக் கீரை வகை) வீடியோவுக்குக் கீழ வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "அக்கா, ஒரு பாத்திக்கு எத்தனை டின் உரம்?" நான் கிராம்ல சொல்றேன், திரும்பத் திரும்ப டின்னுலயே கேக்கறீங்க. அதுக்கு மேல இந்த வாரம் நம்ம பினாங்கு பாலிக் பூலாவ் பக்கம் சாயங்காலம் ஆனா மழை கொட்டுது. தோட்டத்து ஓரத்து லோங்காங் எல்லாம் பச்சைப் பாசி. அந்தப் பச்சை உங்க உர மூட்டைல இருந்து போனது. காசு கொடுத்து வாங்கி, தூக்கிட்டு வந்து, கால்வாய்க்குப் போட்டிருக்கீங்க.

சரி, டின். சமையலுக்கு வாங்கற பால் டின் இருக்கே, அதுல சுமார் 390 மில்லி பிடிக்கும். யூரியாவைத் தலைதட்டி நிரப்புனா 300 கிராம் பக்கம் வரும். அதே டின்ல 15-15-15, அதாவது நைட்ரஜன், பாஸ்பேட், பொட்டாஷ் மூணும் 15 சதவீதம் இருக்கிற என்பிகே உரம், போட்டா 400 கிராம். குவிச்சு அள்ளுனா இன்னொரு 30 கிராம். யூரியா லேசு, என்பிகே கனம். டின் ஒண்ணுதான், எடை ஒண்ணு இல்ல. அப்புறம் எப்படி நான் "ரெண்டு டின்"னு பதில் சொல்றது?

கணக்கைப் பாருங்க. 10 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், ஒரு பாத்தி. ஹெக்டேருக்கு 100 கிலோ நைட்ரஜன்னு வெச்சா அந்தப் பாத்திக்கு 100 கிராம். யூரியாவுல 46 சதவீதம் நைட்ரஜன், அதனால 217 கிராம் யூரியா போதும். ஒரு டின் கூட வேணாம். இதே 100 கிராம் நைட்ரஜனை 15-15-15ல கொடுக்கணும்னா 667 கிராம் போடணும். அதோட பாஸ்பேட்டும் 100 கிராம் சேர்ந்து போகுது. மூட்டைல எழுதியிருக்கிறது பாஸ்பேட் கணக்கு, அதை 0.44ஆல பெருக்குனாதான் நிஜ பாஸ்பரஸ். 44 கிராம் வருது. 20 கிலோ கீரை அறுத்தீங்கன்னா, அந்தக் கீரை எடுத்துட்டுப் போற பாஸ்பரஸ் 10 கிராமுக்கும் கம்மி. மிச்சம் 30 கிராமுக்கு மேல மண்ணுலயே நிக்குது. அடுத்த போகத்துக்கு அதையேதான் போடறீங்க, அதுக்கு மேல கோழி எரு வேற. கோழி எருவுல பாஸ்பேட் நிறைய இருக்கு மக்களே! எரு போட்ட பாத்திக்கு 15-15-15 எதுக்கு? மேலுரமா யூரியா மட்டும், ரெண்டா மூணாப் பிரிச்சுப் போடுங்க.

அந்த 30 கிராம் என்ன பண்ணும்னு கேப்பீங்க. ஏரி, அணைத் தண்ணில பாஸ்பரஸ் லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் தாண்டுனாலே பாசி கட்ட ஆரம்பிக்கும்னு பொதுவாச் சொல்வாங்க. அப்படின்னா 1 கிராம் பாஸ்பரஸ் 33,000 லிட்டர் தண்ணியைக் கெடுக்கப் போதும். பாசி செத்து அழுகும்போது தண்ணில ஆக்சிஜன் இறங்கிடும், மீன் மிதக்கும். நம்ம பினாங்கு குடிக்கிற தண்ணில 80 சதவீதத்துக்கு மேல சுங்கை மூடாவுல இருந்து வருது. அந்த ஆறு கெடா வயல், தோட்டம் எல்லாம் தாண்டித்தான் நம்ம கிட்ட வருது. மேல இருக்கிறவங்க நமக்கு நல்ல தண்ணி விடணும்னு எதிர்பார்க்கறோம்ல, நாமளும் நமக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு விடணும்.

இப்ப தராசு. இதைப் பத்திப் பேசாம விட மாட்டேன். சமையல் தராசு, 5 கிலோ வரைக்கும், 1 கிராம் துல்லியம். 20 வெள்ளிக்குள்ள கிடைக்குது. இருபது வெள்ளி! ஒரு போகத்துல லோங்காங்குக்குப் போற உரத்துக்கு அதை விட அதிகம் கொடுக்கறீங்க. பட்டன் பேட்டரி மாடல் எடுக்காதீங்க, டிரிபிள் ஏ பேட்டரி போடற மாடல் எடுங்க, எந்தக் கடைலயும் பேட்டரி கிடைக்கும். யூரியா ஈரத்தை இழுக்கும், தூள் உள்ள போனா கம்பி முனை பச்சை பிடிச்சிடும். அதனால தராசை ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ள வெச்சு, பைக்கு மேலயே எடை போடுங்க. டின்னை மேல வெச்சு, முதல்ல சைபருக்குக் கொண்டு வாங்க, அப்புறம் கொட்டுங்க.

டின்னை விட மனசு வரலையா? விட வேணாம். ஒரே தடவை எடை போட்டு, உள்பக்கம் மார்க்கர்ல கோடு போடுங்க. யூரியா 100 கிராமுக்கு ஒரு கோடு, என்பிகே 100 கிராமுக்கு ஒரு கோடு. யூரியா கோடு மேல இருக்கும், என்பிகே கோடு கீழ இருக்கும். எவ்வளவு அழகா வேலை செய்யுது தெரியுமா! வேலைக்கு வர்றவங்க கிட்ட கிராம் கணக்கு சொல்ல வேணாம், "இந்தக் கோடு வரைக்கும்"னு சொன்னாப் போதும். மூட்டை பிராண்ட் மாறுனா மட்டும் திரும்ப எடை போடுங்க, குருணை அளவு மாறும்.

அடுத்தது மழை. நைட்ரேட் தண்ணியோட போகும், பாஸ்பரஸ் மண்ணோட போகும். இதைப் புரிஞ்சுக்கிட்டா மத்தது தானா விளங்கும். யூரியாவை மேலாகத் தூவி விட்டா வெயில்ல அமோனியாவாப் பறக்கும், கன மழை வந்தா கரைஞ்சு ஓடும். லேசான தூறல் நல்லது, உள்ள இறக்கி விடும். அதனால 5 சென்டிமீட்டர் ஆழத்துல சின்னப் பள்ளம் கீறி, உரத்தைப் போட்டு மூடுங்க. வானிலைத் துறை மெட் மலேசியாவோட மைசுவாச்சா ஆப்பைக் காலைலயே பாருங்க, இடிமழைன்னு போட்டிருந்தா அன்னிக்கு உரம் வேணாம். "நாளைக்கு ஆள் கிடைக்காது"ங்கறது காரணம் இல்ல.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன், கணக்கு சொல்லும்போதே சொல்லியிருக்கணும். நம்ம செம்மண் புளிப்பு, அதுக்கு ஜிஎம்எல் (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்) போடுவீங்க. அதையும் யூரியாவையும் ஒரே நேரத்துல போடாதீங்க, கலக்கவே கலக்காதீங்க. அமோனியா கிளம்பி மூக்கைப் பிடிக்கும், நைட்ரஜன் காத்துல போகும். சுண்ணாம்பை முதல்ல போட்டுக் கொத்தி விட்டு, ரெண்டு மூணு வாரம் கழிச்சு உரம்.

சரிவு நிலத்துக்காரங்க, மண்ணைப் பிடிங்க. பாத்தி மேல மூடற சில்வர்ஷைன் பிளாஸ்டிக் போட்டிருக்கீங்க, பாத்தி மண்ணு தப்பிச்சுது. ஆனா பிளாஸ்டிக் மேல விழற தண்ணி முழுக்க இடை வாய்க்கால்ல வேகமா ஓடுது. வாய்க்கால்ல வைக்கோல் இல்லன்னா வெட்டுன புல்லு பரப்புங்க. தோட்டத்துக் கீழ் ஓரத்துல வெட்டிவேர், 10-15 சென்டிமீட்டர் இடைவெளில, சரிவுக்குக் குறுக்க ஒரே மட்டத்துல நடுங்க. ஒரு நாத்து செத்தாலும் அந்த ஓட்டைல தண்ணி அறுத்துக்கிட்டு ஓடும், உடனே திரும்ப நடணும். வாய்க்கால் முடியற இடத்துல ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குழி, முழங்கால் ஆழம். அதுக்கு முன்னாடி மணல் மூட்டை தடுப்பு. தடுப்போட நடுப்பக்கம் ஓரத்தை விடத் தாழ்வா இருக்கணும். நடு உயர்ந்தா தண்ணி ஓரத்தைக் குடைஞ்சு கரையை இடிக்கும், நிறைய பேர் இதைத்தான் தப்பாக் கட்டறாங்க. குழி பாதி ரொம்புனதும் அள்ளுங்க. அள்ளுன சேறு கரைமேல கிடக்கக் கூடாது, பாத்திக்கே போகணும், உங்க பாஸ்பரஸ் அதுலதான் இருக்கு.

நெல் வயல்காரங்களுக்குச் சுருக்கமா: உரம் போட்டா வாய்மடையை அடைங்க, ஒரு வாரம் தண்ணியை வெளிய விடாதீங்க. அவ்வளவுதான்.

மிளகாய்க்கு பெர்டிகேஷன், அதாவது பைல நட்டு சொட்டுத் தண்ணியோடவே உரம் விடறது, போடறவங்க, "எங்களுது சொட்டுத் தண்ணி, எங்களால ஒண்ணும் போகல"ன்னு சொல்லாதீங்க. பை அடில வழியறது சுத்தமான உரத் தண்ணி, நீங்க கலக்கற ஏ, பி ரெண்டு உரக் கரைசலும் சேர்ந்தது. ஒரு பைக்குக் கீழ தட்டு வைங்க. பக்கத்துல ஒரு சொட்டுவானைக் காலி பாட்டில்ல விடுங்க. ஒரு நாள் முழுக்கப் பாருங்க. பாட்டில்ல 1,000 மில்லி இருந்து தட்டுல 150-200 இருந்தா சரி, உப்பு தங்காம இருக்க அந்த அளவு வழியணும். 400 இருந்தா நேரத்தைக் குறைங்க. கூரை இல்லாதவங்க மழைல பம்பை நிறுத்துங்க. வழியற தண்ணியைக் குழாய்ல பிடிச்சு வாழைக்கோ நேப்பியர் புல்லுக்கோ விடுங்க.

லோங்காங் தண்ணியைச் சோதிக்கணும்னா மீன்தொட்டிக் கடைல நைட்ரேட் ஸ்ட்ரிப் இருக்கு. மழை விட்டதும் எடுக்காதீங்க, ஓட ஆரம்பிச்ச முதல் தண்ணியை எடுங்க. கலங்கல் தண்ணில நிறம் தெரியாது, காப்பி வடிகட்டற தாள்ல வடிகட்டிட்டு முக்குங்க. சில ஸ்ட்ரிப் நைட்ரேட் காட்டும், சிலது நைட்ரேட்டுல இருக்கிற நைட்ரஜனை மட்டும் காட்டும், டப்பாவைப் படிங்க. நைட்ரஜன்னு இருந்தா 4.43ஆல பெருக்குங்க. குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனத்தோட வரம்பு நைட்ரேட்டா லிட்டருக்கு 50 மில்லிகிராம்.

கமெண்ட்ல எனக்கு மூணு விவரம் போடுங்க: பாத்தி நீளம் அகலம், மூட்டைல இருக்கிற எண், நீங்க போடற அளவு. அளவு கிராம்லதான் இருக்கணும். டின்னுல போட்டா பதில் வராது.